ஐந்து பாகங்களும் ஒரு செப்பேடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தந்தை அண்மையில் மனம் நொந்து சொன்னார்: "பையன் பத்தாவது முடிச்சிருக்கான் சார். லீவு விட்டதிலிருந்து பொன்னியின் செல்வன்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலயும் அதுதான். கூப்பிட்டா காதுலயே விழ மாட்டேங்குது. முன்னாடி ஃபோனைப் பிடுங்கி வெச்சேன், இப்ப புக்கைப் பிடுங்கணும்போல இருக்கு. நேத்து என்னாண்ட வந்து, ராஜராஜன் அண்ணனைக் கொல்லச் சொன்னதே நந்தினிதான்னு சண்டைக்கு நிக்கிறான்."

இந்தக் கவலையைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இப்படிக் கண் மண் தெரியாமல் ஒரு கதையில் மூழ்குவது கெடுதலா என்பது ஒன்று. மூழ்கி எழும்போது அவன் எதை உண்மையென்று நம்பிக்கொண்டு எழுகிறான் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்காகத் தூக்கம் கெட வேண்டாம். இரண்டாவதற்குப் பொறுமையாக விடை தேட வேண்டும். அதற்கு வேண்டிய முக்கியமான சான்று ஒன்று தஞ்சாவூரில் இல்லை, இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கிடைத்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில், பிள்ளைக்கு ஏன் காது கேட்கவில்லை?

'பொன்னியின் செல்வன்' ஒரேயடியாக எழுதி முடித்து அச்சுக்குப் போன நூல் அல்ல. 1950 அக்டோபர் இறுதியில் 'கல்கி' வார இதழில் தொடங்கி, 1954 மே மாதம் வரை ஏறக்குறைய மூன்றரை ஆண்டு வாரந்தோறும் வந்த தொடர்கதை. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். எழுதிய காலம் மூன்றரை ஆண்டு என்றாலும், கதைக்குள் நடப்பதோ ஒரு வருடம்கூட ஆகாத காலத்துக் காரியங்கள். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வாலிபனோடு தொடங்குவதை அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன்பே முடித்துவிடுகிறார் நாவலாசிரியர் கல்கி.

வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறவருக்கு ஒரு நெருக்கடி உண்டு. இந்த வாரம் படித்தவர் ஏழு நாள் பொறுத்திருந்து மறுபடி கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதற்குள் பாதி மறந்துபோயிருக்கும் என்பதால் நினைவூட்டவும் வேண்டும். நினைவூட்டுவதிலேயே அலுப்புத் தட்டிவிடவும் கூடாது. கல்கி இதற்குக் கண்ட வழிகளில் மிகக் கெட்டிக்காரத்தனமானது வந்தியத்தேவன்தான். அவன் சோழ இளவரசனும் இல்லை, சோழ நாட்டுக்காரனும் இல்லை. இரண்டு ஓலைகளைச் சுமந்துகொண்டு காஞ்சியிலிருந்து வரும் வேற்றூர்ப் பிள்ளை. அந்த நாட்டில் யாருக்கும் யாருக்கும் என்ன பகை, யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் ஒவ்வொரு கோட்டை வாசலிலும் நுழைந்து தெரிந்துகொள்ளும்போது கூடவே நாமும் தெரிந்துகொள்கிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியாலோசனையை அவன் மறைந்திருந்து கேட்கும்போது நாமும் அவன் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அடுத்த உத்தி, ஆபத்தின் உச்சியில் ஆளை நிறுத்திவிட்டு வேறோர் ஊருக்குப் போய்விடுவது. வந்தியத்தேவன் இங்கே சிக்கிக்கொண்டிருக்க, கதை பழையாறைக்கோ தஞ்சைக்கோ நகர்ந்துவிடும். நமக்குக் கோபம் வரும். ஆனால் போன இடத்திலும் ஏதாவது ஒன்று பற்றிக்கொள்ளும். இடையிடையே ஆசிரியரே வாசகரைப் பார்த்துப் பேசி, அழைத்துக்கொண்டும் போவார். திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டுப் பழகிய சமூகத்துக்கு அந்தக் குரல் மிகவும் நெருக்கமானது.

அந்தக் காலத்து வாசகர் என்ன செய்தார் என்பதற்கு வீடுகளில் இன்னும் சாட்சி இருக்கிறது. வாரா வாரம் இதழிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிய தொகுப்புகள். அவற்றைப் புரட்டினால் மணியம் வரைந்த படத்துக்குப் பின்பக்கம் பாதி துணுக்கும் பாதி விளம்பரமும் இருக்கும். தையல் உள்விளிம்பை விழுங்கியிருப்பதால் வரியின் கடைசிச் சொல்லைப் புத்தகத்தை அகலப் பிளந்துதான் படிக்க முடியும். மூன்றரை ஆண்டு ஒரு வாரமும் விடாமல் சேர்த்தவர்களின் உழைப்பு அது. அவர்களையும் அவர்கள் வீட்டார் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய பிள்ளையின் நிலை வேறு. அவன் கையில் ஐந்து பாகமும் ஒன்றாக இருக்கின்றன. 1990களின் இறுதியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டுத் தள்ளின. கைபேசியிலும் கிடைக்கிறது, ஒலிநூலாகவும் கேட்கலாம். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபின் அதுவரை எட்டிப் பார்க்காதவர்களும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் முழுக்கப் பிடித்து நிறுத்துவதற்காகப் போட்ட கொக்கி, இப்போது ஒரு பக்கம் புரட்டும் நேரம் மட்டும் தாங்கினால் போதும் என்றாகிவிட்டது. அடுத்த அத்தியாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யார்தான் புத்தகத்தை மூடுவார்கள்? பையனுக்கு வந்திருப்பது நோயல்ல. ஏழு நாள் வேலையை ஏழு நொடியில் செய்துவிடும் ஒரு கைத்திறனிடம் அவன் மாட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், இன்பத்துக்காகப் படிப்பவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்து 1988இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டவற்றில் ஒன்று பெற்றோருக்கு ஆறுதல் தரும். கதையில் ஆழ்ந்தவர்கள் கண்மூடித்தனமாக ஓடுவதில்லை, தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் வேகத்தைக் குறைத்து நிதானமாகப் படிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மெய்ம்மறந்து கிடப்பதாகத் தோன்றினாலும், எங்கே நிற்பது எங்கே கடப்பது என்று உள்ளே ஒரு மனம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

ரோலிங் மில்லில் சி ஷிப்டு முடித்துக் காலை லோக்கல் டிரெயினில் திரும்பும் இளைஞர் ஒருவரைப் பாருங்கள். கண் எரியும், கைவிரல் இடுக்கில் கிரீஸ் கறை போயிருக்காது. கைபேசியில் சுழற்காற்று திறந்திருக்கிறது. கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் இறங்க வேண்டியவர் மீஞ்சூரில்தான் தலையைத் தூக்கினார். "கோடிக்கரையில இருந்தேன் சார், பொன்னேரி வந்ததே தெரியல" என்றார். எட்டு மணி நேரம் உலைச் சூட்டிலும் இரும்புச் சத்தத்திலும் நின்ற உடம்புக்குக் கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலியின் படகில் அரை மணி நேரம் கிடைத்தது என்றால், அதைப் பறிக்க நாம் யார்? அவருடைய அன்றைய நாளில் அவராகவே தேர்ந்துகொண்ட அரை மணி நேரம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே, தேர்வு நேரத்தில் படிப்பைக் கெடுக்காமல், தூக்கத்தைத் தின்னாமல் இருக்கும்வரை இந்த மூழ்கலைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர்களான மெலனி கிரீன், திமோத்தி பிராக் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெளிவாகிறது. கதைக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறோமோ அவ்வளவுக்கு அதிலுள்ள பொருந்தாத இடங்கள் நம் கண்ணில் படுவதில்லை. கதை சொல்லும் கருத்துக்கு நம் நம்பிக்கையும் சாய்ந்துவிடுகிறது. சந்தேகப்படும் கண்ணை மூடிவைத்தால்தான் கதைக்குள் போகவே முடியும். சாதாரண நாவலில் இதனால் நட்டமில்லை. ஆனால் வரலாற்று நாவலில், உண்மையில் வாழ்ந்தவர்களும் கற்பனை மனிதர்களும் ஒரே வீதியில் நடக்கிறார்கள். அங்கே கண்ணை மூடிப் போனவர் திரும்பி வந்தபின் திறக்காவிட்டால், நந்தினிதான் கொல்லச் சொன்னாள் என்று தந்தையிடம் சண்டைக்கு நிற்பார்.

சுந்தர சோழர், அவர் பிள்ளைகளான ஆதித்த கரிகாலர், குந்தவை, பின்னாளில் ராஜராஜனான அருள்மொழிவர்மர், செம்பியன் மாதேவி, உத்தம சோழர் ஆகியோர் வரலாற்றில் இருந்தவர்கள். பழுவேட்டரையர்கள் உண்மையான சிற்றரசர் குலம், பழுவூர்க் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். அமைச்சர் அநிருத்தருக்கு அன்பில் செப்பேடு சாட்சி. வந்தியத்தேவனுக்கு இருப்பது பெயர் மட்டும்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையைக் குறிக்கும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. அந்த ஒற்றை வரியிலிருந்து கல்கி ஒரு முழு மனிதனை எழுப்பினார். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை, கந்தமாறன், சேந்தன் அமுதன் ஆகியோர் கல்கியின் கற்பனை. கதை முடிந்தபோது வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்குக் கல்கி முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பற்றிச் சொன்னார். அந்த முடிவுரையைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே கதையின் முடிவைச் சொல்லியாக வேண்டும். இன்னும் ஐந்தாம் பாகத்தை எட்டாதவர்கள் இந்தப் பகுதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அரக்கோணம் மார்க்கத்தில் திருவள்ளூரைத் தாண்டி ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அதற்கடுத்து வருவது திருவாலங்காடு. வடாரண்யேசுவரர் கோயிலும், ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபையும், காரைக்கால் அம்மையாரின் நினைவும் உள்ள தலம். இந்தக் கோயிலுக்குப் பக்கத்துப் பழையனூரைத் தானமாகக் கொடுத்து ராஜேந்திர சோழன் வெளியிட்ட செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. தமிழ்ப் பகுதி ஒரு நிலப்பத்திரத்தைப் போலவே இருக்கும். பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு ஊரின் நான்கு எல்லைகளையும் வரையறுக்கும் முறை அதில் பதிவாகியிருக்கிறது. பழையனூர் என்றவுடன் பழிவாங்கும் பேயான நீலியின் கதைதான் நம் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு இப்படியும் ஒரு பத்திரம் உண்டு.

நமக்கு இங்கே வேண்டியது வடமொழிப் பகுதி. அது சோழ வம்சத்தின் பெருமையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக்கொண்டு வருகிறது. பாண்டியன் தலையைக் கொண்ட ஆதித்தன், அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், விண்ணுலகைக் காணும் விருப்பத்தோடு மறைந்தான் என்று ஒரு கொலையை மெல்லக் கடந்துபோகிறது. பிறகு குடிகள் அருள்மொழியை அரசேற்கும்படி வேண்டியதையும், சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் விருப்பம் இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் நினைக்க மாட்டேன் என்று அவன் விலகியதையும் சொல்கிறது. மதுராந்தகனான உத்தம சோழன் முடிசூடி, அருள்மொழியை இளவரசன் ஆக்கினான் என்கிறது.

ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பெயர் வந்ததற்குரிய நிகழ்ச்சி இதுதான். கல்கி இதைக் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் இந்தச் செப்பேடு அச்சாகி, நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் அதை வைத்துச் சோழர் வரலாறு எழுதியாகிவிட்டது. அவற்றின் மீதுதான் கல்கி தம் மாளிகையைக் கட்டினார்.

ஆனால் இந்தச் செப்பேட்டையும் அப்படியே நம்பிவிடலாமா? கரிகாலன் இறந்தது 970 வாக்கில். செப்பேட்டின் தானம் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1018ஐ ஒட்டியது. வடமொழிப் பகுதியில் கங்கைப் படையெடுப்பும் பாடப்பட்டிருப்பதால் அது அதற்கும் பின்னால் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக, நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ராஜராஜனின் மகன் அவையில், அந்த மகனின் புகழைப் பாட வந்த புலவர் சொன்ன செய்தி இது. தந்தையின் தியாகத்தைப் போற்றுவது அவர் கடமை. குடும்பத்தார் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும்போது அது எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் இருக்கும். பொய் என்று தள்ளவும் முடியாது, முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது.

எதிர்ச்சாட்சி காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. 985இல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபின் நடந்த காரியம். உத்தம சோழன் ஆண்ட ஏறத்தாழ 15 ஆண்டுகளில் இதற்கு என்ன தண்டனை கிடைத்தது என்று சொல்லும் பதிவு இல்லை. அதனால்தான் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனைச் சந்தேகித்தார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொன்றவர்கள் யாரென்று கல்வெட்டு சொன்னாலும், கொல்லத் தூண்டியவர் உண்டா, இருந்தால் யார் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்பும் விடை கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டு நாவலுக்குத் திரும்பினால், கல்கி என்ன செய்திருக்கிறார் என்பது புலப்படும். செப்பேட்டில் ஒரே மதுராந்தகன்தான் இருக்கிறான். நாட்டின் மேல் ஆசை கொண்டவனும் அவனே, முடிசூட்டப்பட்டு மதிக்கப்பட்டவனும் அவனே. அவனைக் கல்கி இரண்டு பேராகப் பிரித்துவிட்டார். அரியணைக்கு ஏங்கும் மதுராந்தகன் ஒருவன், பூத்தொடுத்துத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன் மற்றொருவன். உண்மையான பிள்ளை அமுதன்தான் என்று கடைசியில் வெளிப்படுத்தி, அவன் தலையில் மகுடத்தை வைக்கச் செய்கிறார். சாஸ்திரியாரின் சந்தேகத்துக்கும் செப்பேட்டின் புகழ்ச்சிக்கும் இடையில் கல்கி கண்டுபிடித்த வழி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். கொலையை நேரில் காட்டாமல் விளக்கை அணைத்துவிடுவதும் அப்படித்தான். கல்வெட்டு எங்கே மௌனமாகிறதோ அங்கே அவரும் இருட்டாக்கிவிடுகிறார். கதை வேகத்தில் படிக்கும்போது இந்த நேர்த்தி கண்ணில் படாது. செப்பேட்டைப் பார்த்துவிட்டு வந்தபிறகு அந்த அத்தியாயங்கள் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. உண்மையைச் சொன்னால் நாவலின் சுவை போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைத்தான் நாம் சொல்ல விரும்புகிறோம்.

தக்கோலமும் பக்கத்தில்தான். இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 949இல் அங்கே நடந்த போரில் ராஜாதித்த சோழன் யானை மேலிருந்தபடியே மாண்டான். நம் வட்டாரம் அடங்கிய தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் கைக்குப் போய், சுந்தர சோழர் காலத்தில் மீண்டது. கதை தொடங்கும்போது கரிகாலன் ஏன் தஞ்சையில் இல்லாமல் காஞ்சியில் இருக்கிறான் என்பதற்கும், பெரிய பழுவேட்டரையர் தம் விழுப்புண்களை எண்ணி ஏன் அவ்வளவு பெருமைப்படுகிறார் என்பதற்கும் பின்னால் அந்தத் தோல்விதான் நிற்கிறது.

சிப்காட் தந்தைக்கு நாம் சொன்னது இதுதான். புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். ஐந்தாம் பாகம் முடியும்வரை விட்டுவிடுங்கள். நடுவில் திருத்தப் போனால் அவன் கேட்க மாட்டான், உங்களுக்கும் அவனுக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். முடித்தபின் இரண்டு மூன்று நாள் வெறுமையாகச் சுற்றுவான், இத்தனை நாள் கூட இருந்தவர்கள் திடீரென்று காணாமல் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அப்போது பேசுங்கள். நந்தினி கற்பனை என்று எடுத்த எடுப்பில் சொல்லி அவனைத் தோற்கடிக்காதீர்கள். நாவலில் வரும் ரவிதாசன் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவனையே கேளுங்கள். வார விடுமுறையில் கும்மிடிப்பூண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, அரக்கோணம் லோக்கலைப் பிடித்தால் திருவாலங்காடு.

நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டார நூலகங்களில் 'பொன்னியின் செல்வன்' எப்போதும் வெளியே போயிருக்கும் புத்தகம். முதல் பாகம் இருக்கும்போது இரண்டாம் பாகம் இருக்காது. ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கொடுக்கும் வகையில் கூடுதல் படிகள் வாங்கி வைக்கலாம். அதே அலமாரியில் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'மும், நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றுத் தமிழாக்கமும், திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பற்றிய ஓர் எளிய தமிழ்ச் சிறுநூலும் இருக்க வேண்டும். அப்படிச் சிறுநூல் கைவசம் இல்லையென்றால் மாவட்ட நிர்வாகமே நல்ல கல்வெட்டறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதி வெளியிடலாம். பெரிய செலவு ஆகாது. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வர முடியாது என்பதையும் கருத வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை கதவு திறந்திருந்தால், பகல் ஷிப்டுக்காரர்கள் அடுத்த பாகத்தை அன்றைக்கே எடுத்துப் போவார்கள்.